ஸ்மார்ட் ஸ்பீக்கரில் கச்சேரி கேட்க முடியுமா? 8 மாதம் கேட்டுப் பார்த்தேன்

அம்மாவுக்கு 74 வயது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் போனில் சின்ன எழுத்தைத் தேடித் தொட்டுப் பாட்டுப் போடுவது சிரமமாகிவிட்டதால், வாயால் சொன்னால் பாடுகிற ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தேன். 5,000 ரூபாய்க்குள் கிடைக்கிற சின்ன உருண்டை வகைதான். கூடவே ஒரு மியூசிக் ஆப்புக்கு மாதச் சந்தா. இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் வேறு கம்பெனிப் பெட்டிகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன், நான் சொல்லப்போகிற குறைகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கின்றன. சினிமாப் பாட்டுக்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் அம்மா கேட்டது தோடி. "தோடி ராகம் போடு" என்றதும் உடனே பாட ஆரம்பித்துவிட்டது. அரை நிமிஷம் காதைக் கொடுத்தவர், "ஏண்டா, இது சுபபந்துவராளி மாதிரியில்ல இருக்கு?" என்றார். அவர் சொன்னது சரி, வந்தது இந்துஸ்தானி தோடி. வடக்கே தோடி என்று பாடுவது நம்முடைய 45-வது மேளமான (தாய் ராகமான) சுபபந்துவராளிக்குப் பக்கத்தில் நிற்கிற ராகம். நம் தோடி 8-வது மேளம், அந்த ஸ்வரங்களுக்கு அங்கே பைரவி என்று பெயர், நம் பைரவியோ இரண்டு தைவதமும் ('த' ஸ்வரத்தின் இரு வகையும்) வருகிற வேறொரு ராகம். இந்த வித்தியாசம் எதுவும் பெட்டிக்குத் தெரியாது. பெயர் ஒன்றாக இருந்தால் எது அதிகம் பேர் கேட்டதோ அதைப் போடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியை நினைத்து "எம்.எஸ். பாட்டு" என்றால் இரண்டு தடவை சினிமா இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் வந்தார். முழுப் பெயர் சொன்னால் சரியாக வருகிறது, அதிலும் பாடகர் பெயரை முதலில் சொல்லி ராகத்தைப் பின்னால் சொன்னால் பிழை குறைகிறது. ஆப்பில் கையால் தேடுவதும் சுலபமில்லை. காம்போதி ராகத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதி ஏற்றியிருக்கிறார்கள், நான்கு எழுத்துக்கூட்டலிலும் தேடினால்தான் எல்லாம் கிடைக்கும்.

ஒலியைப் பற்றி நான் பயந்த அளவுக்கு இல்லை. ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் காலத்து ஒலிப்பதிவுகள் இந்தச் சின்னப் பெட்டியில் அழகாக இருக்கின்றன, ஏனென்றால் அந்தப் பதிவுகளிலேயே தாழ்ந்த ஒலி (பேஸ்) குறைவு, குரலும் வயலினும்தான் முன்னால் நிற்கும். இப்போதைய பதிவுகளில்தான் ஏமாற்றம். மிருதங்கத்தில் வலந்தலை (வலது பக்கம்) தெளிவாகக் கேட்கிறது, தொப்பி (கனமாக ஒலிக்கிற இடது பக்கம்) அட்டைப்பெட்டியில் தட்டுவது போல இருக்கிறது, கஞ்சிராவின் குழைவு காணாமலே போகிறது. சத்தத்தைக் குறைத்தால் தம்புரா முதலில் மறைகிறது. தம்புரா இல்லாமல் ஆலாபனை (சாகித்யம் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் என்னை உண்மையில் வருத்துவது ஒலி இல்லை. இந்த ஆப்களுக்குப் பாட்டு தெரிகிறது, பாடகர் தெரிகிறது, கச்சேரி என்ற ஒன்று தெரியவில்லை. வர்ணத்தில் சூடு பிடித்து, நடுவில் ஒரு பெரிய ராகத்தை விரித்து, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) முடிந்து, துக்கடாக்களில் (சின்னச் சின்னப் பாட்டுகளில்) இளைப்பாறி மங்களத்தில் முடிகிற அந்த வரிசை, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஒழுங்குபடுத்திக் கொடுத்தது, அதுவே ஒரு படைப்பு. ஆப்போ அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஆலாபனை ஒரு பாட்டு, தானம் ஒரு பாட்டு, பல்லவி ஒரு பாட்டு, தனி இன்னொரு பாட்டு என்று எண்ணி வைத்திருக்கிறது. சந்தா கட்டுவதற்கு முன் இலவசமாகக் கேட்ட நாட்களில் ஒரு காம்போதி ஆலாபனை முடிந்து வயலின் எடுக்கிற இடத்தில் பெயிண்ட் விளம்பரம் வந்தது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும், மணிக்கணக்கில் தோடி வாசித்த நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை கூட அந்தச் சில நிமிடங்களுக்குள் சுருக்கித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் எதுவும் இல்லாதபோதும் வெட்டுகிறார்கள்.

பக்கவாத்தியக்காரர்கள் பெயரே பல ஆல்பங்களில் கிடையாது. வயலின் யார், மிருதங்கம் யார் என்று கேட்டால் பெட்டி பாடகர் பெயரைத் திருப்பிச் சொல்கிறது. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கத்தைப் பெயரில்லாமல் கேட்க வைப்பது அநியாயம். எந்த வருஷம், எந்தச் சபா என்பதும் இருக்காது. ஒரே பாடகர் ஒரே கீர்த்தனையைப் பாடிய ஐந்து பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும், எது இளவயதுக் குரல் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாங்கியவர்கள் முதலில் ஆப்பின் அமைப்புகளுக்குப் போய், ஒரு பாட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றன் மேல் ஒன்று கலக்கிற வசதியை நிறுத்துங்கள், இடைவெளியில்லாமல் தொடர்வதை மட்டும் போடுங்கள். ஒலியளவைச் சமன்படுத்துவதையும் நிறுத்துங்கள், அது மெதுவாகத் தொடங்குகிற ஆலாபனையைத் தூக்கி, உச்சத்தில் இருக்கிற தனியை அமுக்கிவிடுகிறது. பட்டியல் தீர்ந்ததும் தானாக வேறு பாட்டுப் போடுவதையும் மறக்காமல் நிறுத்துங்கள். அப்புறம் முக்கியமான வேலை, நீங்களே பட்டியல் கட்டுவது. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வெட்டிக்கிடந்த கச்சேரிகளை வரிசைப்படுத்தி, பெட்டிக்குப் புரிகிற மாதிரி "காலை", "பெரிய கச்சேரி", "நாதஸ்வரம்" என்று எளிய பெயர் வைத்தேன். அன்றிலிருந்து அம்மாவுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

ஆகாசவாணியின் 24 மணி நேர ராகம் ஒலிபரப்பு அவர்களுடைய ஆப்பில் இலவசமாகக் கிடைக்கிறது, கர்நாடகமும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும், யார் பாடுகிறார் யார் வாசிக்கிறார் என்று ஒழுங்காக அறிவிப்பார்கள். பழைய கச்சேரிகளுக்குச் சங்கீதப்ரியா தளத்துக்கு ஈடு இல்லை. ரசிகர்கள் பணம் எதிர்பார்க்காமல் சேர்த்து வைத்தது, பக்கவாத்தியம், பாட்டு வரிசை எல்லாம் எழுதியிருப்பார்கள். போனில் திறந்து புளூடூத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் போதும்.

வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு வாங்கலாம், நீங்கள் உட்கார்ந்து பட்டியல் கட்டித் தருவதாக இருந்தால். தனியாக உட்கார்ந்து ஊன்றிக் கேட்பவர் என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல ஹெட்போன் வாங்குங்கள். ஸ்பீக்கர்தான் வேண்டுமென்றால் ஆக்ஸ் வயர் (ஒலியை வேறு ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகிற வயர்) செருக இடமிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கிவிட்டேன், அப்பாவின் பழைய டேப் செட்டோடு வந்த இரண்டு பெரிய ஸ்பீக்கரும் பரணில் சும்மா கிடக்கின்றன. அடுத்த மாதம் ஆக்ஸ் உள்ள மாடல் ஒன்றை வாங்கி அவற்றோடு இணைக்கப்போகிறேன், தொப்பி எப்படிக் கேட்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.