அஸ்வகந்தா கேப்சூல்: ஒன்றரை வருடம் சாப்பிட்ட அனுபவம்

பண்டிகைத் தள்ளுபடியில் அஸ்வகந்தா பாட்டில் பாதி விலைக்கு வந்திருக்கிறது என்று நண்பன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். “மாப்ள, நீதான் சாப்பிடறியே, டெஸ்டோஸ்டிரோன் நெசமாவே ஏறுதா? ரெண்டு பாட்டில் வாங்கி வச்சுக்கட்டுமா?” என்று கூடவே ஒரு கேள்வி. அவன் கேட்பது ஆண் ஹார்மோனைப் பற்றி. போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அஸ்வகந்தா என்கிற அமுக்கராவைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் கிழங்காகவும் பொடியாகவும் கிடைப்பதுதான். நான் சாப்பிட்டது அதன் வேர்ச்சாற்றை அடைத்த கேப்சூல். படுக்கப் போகும் முன் 600 மி.கி.

இதனால் எனக்கு உண்மையிலேயே கிடைத்தது தூக்கம். நூல் மில்லில் ஷிப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் முடிந்து அம்மாப்பேட்டை வீட்டில் வந்து படுத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓட ஆரம்பிக்கும். தறிச் சத்தம் கூடப் பழகிவிடும். நூல் அறுந்து தறி சட்டென்று நிற்கும்போதுதான் விழிப்பு வரும், அதன் பிறகு கண் மூடாது. சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதம் போல ஆனதும் தறி நின்றதும் தெரியவில்லை, மறுபடி ஓடியதும் தெரியவில்லை. மத்தியானம் வீட்டம்மா எழுப்பினால்தான் எழுந்தேன். எரிந்து விழுவதும் குறைந்தது. இதற்காக அந்த வேருக்கு நான் கடன்பட்டவன்.

சரி, டெஸ்டோஸ்டிரோன். ஆரம்பிக்கும் முன் டெசிலிட்டருக்கு 342 நானோகிராம், ஆறேழு மாதம் கழித்து 381. இரண்டுமே டாக்டர் சொன்னபடி பகல் ஷிப்ட் வாரத்தில், விடிந்ததும் வெறும் வயிற்றில் கொடுத்த ரத்தம். இதைப் பார்த்து ஏறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். ஒரே ஆளுக்கு இன்று காலையும் நாளை காலையும் எடுத்தால் கூட இந்த அளவு வித்தியாசம் வரலாம். அதனால்தான் குறைபாடு என்று சொல்வதற்கு முன் டாக்டர்கள் இரண்டு தனித்தனிக் காலைகளில் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. 2015இல் வெளியான ஒன்றில், எடை தூக்கும் பயிற்சி செய்த ஆண்களுக்கு 300 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, எட்டு வாரம் கொடுத்தார்கள். வேர் சாப்பிட்டவர்களுக்கு டெசிலிட்டருக்கு சுமார் 96 நானோகிராம் கூடியது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 18. 2019இல் வந்த இன்னொன்று, 40 முதல் 70 வயது வரையிலான, எடை கூடிய, சோர்வு உள்ள ஆண்களை வைத்துச் செய்தது. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் 14.7 சதவீதம் அதிகம். ஆனால் அதே ஆய்வில் சோர்வு, உற்சாகம், தாம்பத்திய நலம் இவற்றில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எண் ஏறியிருக்கிறது, ஆளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டாவது பாதியை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் தூக்கம் இருக்கிறதே. 2011இல் இளைஞர்கள் 10 பேரை ஒரு வாரம் ராத்திரிக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்ததில், பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் விழுந்திருக்கிறது. அப்படியானால் எனக்குக் கூடிய அந்த 39 வேர் கொடுத்ததா, தூக்கம் கொடுத்ததா, அன்றைய காலை கொடுத்ததா? என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பாட்டிலின் முன்பக்கம் சிங்கம் வாய் பிளந்து நிற்கிறது. கீழே சிவப்பு எழுத்தில் “ஆண்மை சக்தி”. தூக்கம் என்ற சொல் எங்கேயும் கிடையாது. வேரா இலையா, அதில் வேலை செய்கிற சத்தான விதனோலைடு எத்தனை சதவீதம் என்பதெல்லாம் பின்பக்கம் பொடி எழுத்தில், பாட்டில் வளைவுக்குள் ஒளிந்திருக்கிறது. இலையைச் சேர்க்காதீர்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இலேயே தயாரிப்பாளர்களுக்குச் சொன்ன பிறகும் அதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஏழாவது படிக்கிற மகள் ஒருநாள் முன்பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அப்பா, உங்களுக்கு என்ன உடம்புக்கு?” என்று கேட்டாள். தூக்கத்துக்குச் சாப்பிடுகிறவன் ஏன் இந்தக் கேள்விக்கு நிற்க வேண்டும்? கல்யாணம் ஆகிக் குழந்தை தள்ளிப் போகிற பையன்களும், நாற்பது தாண்டிப் பயப்படுகிறவர்களும் இந்தச் சிங்கத்தை நம்பி டாக்டரிடம் போகாமல் மாதக்கணக்கில் கடத்துவார்கள். அந்தப் பயம்தான் அவர்கள் விற்கிற சரக்கு.

எச்சரிக்கையும் பொடி எழுத்துதான். அஸ்வகந்தா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. கண் மஞ்சளானாலோ, உடம்பு அரித்தாலோ உடனே நிறுத்த வேண்டும். டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. தைராய்டு ஹார்மோனையும் இது கூட்டலாம். வீட்டம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள், அவள் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைத்திருந்தேன். சுகர், பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு நன்றாகத் தூங்க வைத்ததற்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். கொடுக்க மனசு வரவில்லை, இரண்டுதான். இருக்கிற பாட்டிலோடு சரி, இனி வாங்க மாட்டேன். தேவைப்பட்டால் சித்த மருத்துவரைப் பார்த்து அமுக்கரா சூரணம் வாங்கிக்கொள்வேன்.

மாப்ள, நீ தள்ளுபடி முடியப் போகிறது என்று அவசரப்படாதே. நல்லாத் தூங்கி எழுந்த ஒரு காலையில், எட்டு மணிக்கெல்லாம் லேபுக்குப் போய் ரத்தம் கொடு. அடுத்த வாரம் இன்னொரு காலையும் கொடு. இரண்டும் குறைவாக வந்தால் ஹார்மோன் டாக்டரிடம் நானும் கூட வருகிறேன்.