ஏ.ஜி.எஸ். வாங்கலாமா, மனுவல் வாங்கலாமா: திருமலையில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

திருகோணமலையில் எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக இரண்டு சுசுகி செலேரியோ கார்கள் ஓடுகின்றன. ஒன்று ஐந்து கியர் மனுவல், மற்றையது கிளச் மிதி இல்லாமல் கியரைத் தானே மாற்றும் ஏ.ஜி.எஸ். (ஆட்டோ கியர் ஷிப்ட்). இரண்டிலும் இருப்பது 998 சிசி பெற்றோல் இயந்திரமே என்பதால், வேறுபாடு எங்கே எழுந்தாலும் அது கியரைச் சார்ந்தது என்று துணிந்து சொல்ல முடிகிறது.

ஏ.ஜி.எஸ். என்பதை, ஜப்பானிலிருந்து வரும் பல சிறிய கார்களில் உள்ள சிவிடியோடு (படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கி முறை) சேர்த்து எண்ணக்கூடாது. உள்ளே இருப்பது மனுவலின் அதே கியர்ப்பெட்டியும் கிளச்சும்தான். கிளச்சை விடுவிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் கணினியின் கட்டளைப்படி ஹைட்ரோலிக் விசை செய்கிறது. ஆகவே முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது இழுவை ஒரு கணம் அறுந்து, உடல் சற்று முன்னே சாயும். அக்கணத்தில் அக்சிலரேட்டரிலிருந்து காலைச் சிறிது தளர்த்தினால் அந்த உலுக்கல் பெரும்பாலும் தெரிவதில்லை. மனுவல் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வருகிறது. புதிதாக ஓட்டப் பழகியவர்களே அதிகம் குறைப்படுகிறார்கள்.

கவனம் வேண்டிய இடம் ஏற்றம். பிரட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலை நோக்கி ஏறும்போது முன்னால் வாகனங்கள் தேங்கினாலோ, மான்கள் வீதியை மறித்தாலோ, சிலர் பிரேக்கை மிதிக்காமல் அக்சிலரேட்டரை மெல்ல அழுத்தியே காரைப் பின்வாங்காமல் நிறுத்தி வைப்பார்கள். சிவிடியில் ஓரளவு பொறுக்கப்படும் இப்பழக்கம் ஏ.ஜி.எஸ்ஸில் கிளச்சைப் பாதி பிடித்தபடி நிற்பதற்குச் சமம். கிளச் தட்டு சூடேறித் தேயும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நின்று, மனுவலில் செய்வதைப் போலவே அதை விடுவித்துப் புறப்படுவதே முறை. காரை நிறுத்தி வைக்கும் 'பி' (பார்க்கிங்) நிலையும் இதில் இல்லை. சரிவில் நிறுத்தும்போது கியரில் வைத்தே இயந்திரத்தை அணைக்க வேண்டும்.

கந்தளாய் கடந்து ஹபரணை வரையான நீண்ட சமதரையில் மனுவலுக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஐந்தாம் கியரிலேயே வெகுதூரம் போகலாம். பேருந்தை முந்த வேண்டியபோதுதான் ஏ.ஜி.எஸ். தயங்குகிறது. அது தானாகக் கியரைக் குறைக்கும்வரை காத்திராமல், கியரை நாமே மாற்றும் 'எம்' நிலைக்கு மாற்றி ஒரு கியர் இறக்கிய பின்பே நான் வெளியே எடுக்கிறேன். கொழும்புக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். அங்கே இடது முழங்காலுக்கு ஏ.ஜி.எஸ். தரும் ஆறுதலுக்கு விலையே இல்லை.

எரிபொருளைப் பொறுத்தவரை, 2014 இல் இந்தியாவில் இந்தக் கார் அறிமுகமானபோது இரண்டு வகைக்கும் லீற்றருக்கு 23.1 கிலோமீற்றர் என்றே அறிவித்தார்கள். அந்த அளவு எங்களுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீட்டு முறையில் வாரத்துக்கு 20 லீற்றர் மட்டும் கிடைத்த 2022 ஆம் ஆண்டில் உன்னிப்பாகப் பார்த்தபோது, கியரைவிட ஏசியும் ஓட்டுபவரின் காலுமே கணக்கை மாற்றின.

திருமலைக்குள்ளேயே ஓட்டுபவருக்கு என் தெரிவு மனுவல். பழுது பார்ப்பதும் எளிது. முழங்கால் வலி உள்ளவர் வீட்டில் இருந்தாலோ, அடிக்கடி கொழும்பு போவதாக இருந்தாலோ ஏ.ஜி.எஸ்ஸைத் தயங்காமல் எடுக்கலாம். பாவித்த காராயின் உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுத்துப் பாருங்கள்; அதிர்ந்து நகர்ந்தாலோ கருகிய வாடை வந்தாலோ, கிளச் மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.