லேப்டாப் வைஃபை கார்டை மாற்றினேன்: ரிச்சி தெருவில் வாங்கிய இன்டெல் ஏஎக்ஸ்210

லேப்டாப் மற்றபடி நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும்தான் மந்தம் என்றால் புது லேப்டாப் வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உள்ளே இருக்கும் வைஃபை கார்டை மட்டும் கழற்றி மாற்றலாம். நான் போட்டது இன்டெல் ஏஎக்ஸ்210. கார்டு 1,900 ரூபாய், மாட்டிக் கொடுத்ததற்கு 300 ரூபாய். சில மாதங்களாக தினமும் சாயங்காலம் முழுக்க அதில்தான் வகுப்பு எடுக்கிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சென்னை பெரம்பூரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, நான் உட்காருவது உள்ளறையில். எழுதுபலகையில் நான் எழுத எழுத பிள்ளைகளுக்குத் திரையில் தெரிய வேண்டும். தொகையீட்டில் நடு வரியில் நிற்கும்போது “மிஸ், போர்டு அப்படியே நின்னு போச்சு” என்று ஒருவர் சொல்வார், “மிஸ், வாய்ஸ் கட் ஆகுது” என்று இன்னொருவர். ஒரு கணக்கின் ஓட்டம் அறுந்துவிட்டால் அதைத் திரும்பப் பிடிக்க எவ்வளவு நேரமாகும் என்பது கணக்கு சொல்லிக் கொடுப்பவர்களுக்குத் தெரியும். மாதம் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு அது நியாயமில்லை.

நெட் கனெக்‌ஷன்காரரைக் கூப்பிட்டேன். லைனில் ஒன்றும் இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான். அதே மேஜையில் லேப்டாப் பக்கத்திலேயே போனை வைத்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் பிளானில் போனுக்கு 90க்கு மேல் வருகிறது, லேப்டாப்புக்கு 25 தாண்டவில்லை. உங்கள் வீட்டிலும் முதலில் இதைச் செய்து பாருங்கள். போனும் லேப்டாப்பும் ஒரே இடத்தில் இருந்து, இரண்டுமே மெதுவாக இருந்தால் கார்டை மாற்றிப் பயனில்லை; ரவுட்டரையோ லைனையோதான் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பகுதியில் கார்டின் பெயரை எடுத்துத் தேடினால் விஷயம் புரிந்தது. என் லேப்டாப் 2020இல் வாங்கியது. அதில் இருந்தது ஒரே ஆன்டெனாவில் வேலை செய்கிற, வீட்டு ரவுட்டர்கள் பொதுவாகக் கொடுக்கும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 2.4 மட்டும் பிடிக்கிற பழைய ‘என்’ வகை (வைஃபை 4) கார்டு. இந்த வகையில் சாதாரணமாகக் கிடைக்கும் இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான். கையில் வந்து சேருவது அதில் பாதி. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதியை 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதற்குப் பிறகு விற்ற லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸே இல்லாத கார்டைப் போட்டு, பெட்டியின் மேல் ‘வைஃபை உண்டு’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். ராம் எத்தனை ஜிபி என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதையும் போட வேண்டும். எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

2.4இல் என்ன பிரச்சினை? அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ரவுட்டர். மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைச்சல் போடுகிறது. புளூடூத்தும் அங்கேதான். நான் காதில் மாட்டுவது புளூடூத் ஹெட்செட். ஒரே கார்டு, ஒரே ஆன்டெனா, வைஃபையும் புளூடூத்தும் அதை மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ராத்திரி எட்டு மணிக்கு என் குரல் வெட்டி வெட்டிப் போனதற்குக் காரணம் அதுதான்.

சரி, வாங்கின கதைக்கு வருகிறேன். சென்ட்ரலில் மெட்ரோ பிடித்து அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கே இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம். லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், மாடல் பெயரை எழுதிக்கொண்டு போனால் போதாது.

முதலில் நுழைந்த கடையில் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “எல்லாத்துக்கும் ஒண்ணுதான் மேடம்” என்று ஏஎக்ஸ்201 கார்டு ஒன்றை எடுத்து நீட்டினார். இங்கேதான் கவனம் வேண்டும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனித்து இயங்கும் கார்டுகள். இன்டெல் ப்ராசஸர் உள்ள மெஷினிலும் ஓடும், ஏஎம்டி ப்ராசஸர் உள்ள மெஷினிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியில்லை. அவற்றின் வேலையில் ஒரு பாதியை இன்டெல் சிப்செட்டே செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். அதற்குத் தோதான இன்டெல் மெஷின் இல்லாவிட்டால் கார்டு இருப்பதே தெரியாது. என்னுடையது ரைசன், அதாவது ஏஎம்டி ப்ராசஸர். பார்வைக்கு எல்லாம் ஒரே அளவு, தபால்தலை மாதிரி; ஸ்லாட்டிலும் சரியாக உட்காரும். என்னோடு முன்பு பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் ஆன்லைனில் இதே 201ஐ வாங்கித் தன் ஏஎம்டி லேப்டாப்பில் மாட்டி, அது தெரியவே இல்லை என்று திருப்பி அனுப்பப் போராடினார். விற்றவர் ‘கார்டு நல்லாத்தான் இருக்கு’ என்று எடுத்துக்கொள்ளவில்லை. நம்பர் ஒன்று மாறினால் பணம் போச்சு.

இரண்டாவது கடை சின்னது, மாடிப்படிக்குக் கீழே. அங்கிருந்த அண்ணன் விலை சொல்வதற்கு முன்னால் கேட்டது: “ப்ராசஸர் இன்டெலா, ஏஎம்டியா? விண்டோஸ் என்ன போட்டிருக்கீங்க?” ஏஎக்ஸ்210க்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும், விண்டோஸ் 7க்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கிடையாது. அதற்காகக் கேட்டிருக்கிறார். அப்போதே இவரிடம்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். அப்புறம் பழைய கார்டைக் காட்டி, “பாருங்க மேடம், ஒரு வயர்தான் கனெக்ட் பண்ணியிருக்கு” என்றார். கருப்பு வயர் ஒன்று கார்டின் மேல் இருந்தது. வெள்ளை வயரைக் காணோம். சிறு டார்ச்சை அடித்து மெதுவாக விளிம்பைத் துழாவினார். முனையில் பிளாஸ்டிக் உறை மாட்டி, மதர்போர்டுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்தது வெள்ளை வயர். ஆன்டெனா இரண்டு இருந்திருக்கிறது, கார்டு ஒன்றுக்கானது என்பதால் இன்னொன்றைச் சும்மா விட்டுவைத்திருக்கிறார்கள். சில மலிவு மாடல்களில் இரண்டாவது வயரே இருக்காதாம். அப்போது தனியாக ஒட்டு ஆன்டெனா வாங்கி உள்ளே ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கார்டின் பாதிப் பலன்தான் கிடைக்கும். லேப்டாப்பைக் கொண்டுபோகச் சொன்னது இதற்காகத்தான்.

அந்த வயர் முனை கடுகு அளவு. பிளாஸ்டிக் குச்சியால் நேர் மேலிருந்து அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சாய்வாக அழுத்தினால் நசுங்கிவிடும், நசுங்கினால் முழு ஆன்டெனா வயரையும் மாற்ற வேண்டும், அதற்குத் திரையைப் பிரிக்க வேண்டும். வீட்டிலேயே மாற்றலாம் என்று பலரும் சொல்வார்கள். கை நிதானம் உள்ளவர்கள் செய்யட்டும். 300 ரூபாய் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஒரு விஷயம்: புதுக் கார்டு போட்டதும் விண்டோஸில் டிரைவர் இல்லாமல் வைஃபை வராமல் போகலாம். வைஃபை இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? அந்த அண்ணன் பென்டிரைவில் வைத்திருந்தார். வீட்டில் செய்கிறவர்கள் முன்கூட்டியே இன்டெல் தளத்திலிருந்து வைஃபை, புளூடூத் இரண்டு டிரைவரையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது போனை யுஎஸ்பி வயரில் இணைத்து நெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பலன். உள்ளறையில் 90க்கு மேல் வருகிறது, அதாவது பிளானில் உள்ளது முழுக்க. விண்டோஸ் காட்டும் இணைப்பு வேகம் 866. அட்டையில் 3000 என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். 2.4இல் 574, 5இல் 2402, இரண்டையும் கூட்டி அப்படி அச்சடிக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும், 2402 வர ரவுட்டரும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைஃபை 6 கொடுக்க வேண்டும். என் ரவுட்டர் அதற்கு முந்தைய ‘ஏசி’ வகை (வைஃபை 5). எனக்கு 866 போதும். வேகத்தைவிட முக்கியம், வைஃபை 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனதால் லேப்டாப்பின் 2.4 முழுக்க ஹெட்செட்டுக்கே கிடைத்துவிட்டது. குரல் வெட்டுவது நின்றது. ‘மிஸ், கட் ஆகுது’ என்ற வார்த்தையை இப்போது கேட்பதே அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைப்பதில் சோப்ளாங்கி. எங்களுடையது கனமான செங்கல் சுவர் வைத்த பழைய வீடு. சமையலறை தாண்டிப் பின்கட்டுக்குப் போனால் 5 விழுந்துவிடுகிறது, 2.4க்கு மாற வேண்டியிருக்கிறது. அங்கேயும் பழைய கார்டைவிட நன்றாகத்தான் இருக்கிறது, ஆன்டெனா இரண்டு என்பதால். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டேன், எதில் இருக்கிறோம் என்று தெரிவதற்காக. ஏஎக்ஸ்210 வைஃபை 6இ கார்டு, 6 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும். ஆனால் அதற்கான ரவுட்டர் வீட்டில் இல்லாதவரை அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஏஎக்ஸ்200 மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும்.

கீழ்வீட்டுக் கல்லூரிப் பையன் கார்டை மாற்றாமல் யுஎஸ்பி டாங்கிள் (வெளியே யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன வைஃபை கருவி) வாங்கினான். கழற்றி மாட்டும் வேலை இல்லை, உடனே வேலை செய்தது. ஆனால் அவன் வாங்கியது 2.4 மட்டும் உள்ளது, பக்கத்துப் போர்ட்டில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் சிக்னல் படுத்துவிடுகிறது. யுஎஸ்பி 3 போடும் இரைச்சல் 2.4இல்தான் விழும், இன்டெலே 2012இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிள்தான் வேண்டும் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்து, சின்ன நீட்டிப்பு வயரில் தள்ளி மாட்டுங்கள்.

மிகப் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: சில மாடல்களில் கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் பயாஸ் (மெஷினைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்காது, மெஷின் ஆன் ஆகும்போதே எரர் காட்டி நின்றுவிடும். கார்டை வாங்கும் முன் அதையும் கடையில் கேளுங்கள். இந்தக் கார்டு உட்காரும் எம்.2 ஸ்லாட் இல்லாமல், சற்றுப் பெரிய பழைய மினி பிசிஐஇ வகைக் கார்டு இருந்தால் இந்தக் கார்டு பொருந்தாது. இன்னும் சிலவற்றில் வைஃபை சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதை மாற்றவே முடியாது.

பில் கேட்டு வாங்குங்கள், அதில் கார்டின் நம்பரை முழுசாக எழுதச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு கடையிலேயே போன் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து இணைத்துப் பாருங்கள், புளூடூத்தையும் ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.