கோல்ஃப் ‘ரகசிய ஸ்விங்’ என்று 890 வெள்ளி கட்டினேன், நீங்கள் கட்டாதீர்கள்

கோலாலம்பூரில் கோல்ஃப் பழகுகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, நாற்பது வயதுக்கு மேல் ஆட ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு நாள் டிரைவிங் ரேஞ்சில் (பந்து அடித்துப் பழகும் திடலில்) நூறு பந்து அடித்துவிட்டு, பந்து ஏன் எப்போதும் வலது பக்கமே ஓடுகிறது என்ற குழப்பத்தோடு வீடு திரும்புகிறவர்களுக்காக. எனக்கும் அதே கதைதான். டிரைவரை, அதாவது அதிக தூரம் அடிக்கும் மட்டையை, எடுத்தால் பந்து நேராகக் கிளம்பும், பாதி வழியில் வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடும். ஸ்லைஸ். வலது கையால் ஆடுகிற புதியவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கிற வியாதி இது. அதனால்தான் இதை வைத்துக் காசு பார்க்க இத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள்.

போன மார்ச் மாதம் என் போனில் ஒரு விளம்பர வீடியோ வந்தது. பேசியவர் தமிழர், நம் ஊர்த் தமிழிலேயே பேசினார். ஆங்கிலத்தில் வந்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். கோல்ஃப் கோச்சுகள் வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கும் ஒரே ஒரு அசைவு இருக்கிறதாம். அதைப் பிடித்துவிட்டால் 30 நாளில் ஸ்லைஸ் போய்விடும், டிரைவர் 40 யார்டு கூடும், பலிக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்றார். அது அந்தக் கால அமெரிக்க கோல்ஃப் சாம்பியன் பென் ஹோகனின் தொலைந்துபோன ரகசியம் என்றும் சொன்னார்.

வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. “அண்ணே, விலை 1,990 வெள்ளி. இன்னிக்கி ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள கட்டுனீங்கன்னா உங்களுக்கு 890. நாளைக்கு இந்த விலை இல்லண்ணே.” இரவு பதினொன்றே முக்காலுக்குப் பணத்தை அனுப்பினேன். மறுநாள் காலை அதே விளம்பரம் அதே 890-க்கு, ‘இன்றே கடைசி’ என்று மறுபடியும் வந்தது. பணம் போன கணக்கு ஒரு கம்பெனியின் பெயரில் இல்லை, ஒரு தனி மனிதரின் பெயரில் இருந்தது. அனுப்பும் முன்பே அந்தப் பெயர் திரையில் வந்தது. பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன்.

கிடைத்தது பதினான்கு குட்டி வீடியோக்கள், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, சுபாங் பக்கம் ஒரு ரேஞ்சில் எட்டுப் பேரோடு ஒன்றரை மணி நேரப் பயிற்சி. ரகசியம் இதுதான்: இடது கையை கிரிப்பின் (மட்டையின் கைப்பிடியின்) மேல் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கிளப்பை, அதாவது மட்டையை, மேலே கொண்டுபோனதும் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக மடக்க வேண்டும்.

மூன்று வாரம் விடாமல் செய்தேன். ஸ்லைஸ் குறையவில்லை. முன்பு நேராகக் கிளம்பி வளைந்த பந்து, இப்போது கிளம்பும்போதே வலது பக்கம் கிளம்பி இன்னும் வலது பக்கம் வளைந்தது. கேட்டதற்கு, “பழைய பழக்கம் உடையுதுண்ணே, அதான் அப்படி. விடாதீங்க” என்று பதில் வந்தது. அதையும் நம்பினேன்.

அப்புறம்தான் ஹோகனைப் பற்றி நானே தேடிப் படித்தேன். முதலில் அது தொலைந்துபோன ரகசியமே இல்லை. 1955-லேயே அமெரிக்காவின் லைஃப் பத்திரிகையில் அவரே அதைப் படத்தோடு வெளியிட்டுவிட்டார். அடுத்தது இன்னும் முக்கியம். ஹோகனை ஆரம்ப காலத்தில் வதைத்தது ஹூக், அதாவது பந்து இடது பக்கம் வளைவது. அந்த கிரிப்பும் மணிக்கட்டு மடிப்பும் கிளப்பின் முகத்தை, அதாவது பந்தில் படும் பக்கத்தை, வலது பக்கம் பார்க்கும்படி திறந்து வைக்கும், எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்து இடது பக்கம் வளையாது. எனக்கோ முகம் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது, அதனால்தான் ஸ்லைஸே வருகிறது. வயிற்றுப்போக்கு வந்தவனுக்குப் பேதி மருந்து கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வார இறுதியில் ஆடுகிறவர்களுக்கு இது உதவாது, மோசமாக ஆடுகிறவரை இது கெடுத்துவிடும் என்று ஹோகனே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். விற்றவர் இதைப் படிக்காமல் விற்றாரா, படித்துவிட்டு விற்றாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே தப்புதான்.

வீடியோவில் சொன்ன அடிப்படையும் தவறு. கிளப் போகிற பாதையில் பந்து கிளம்பும், முகம் பார்க்கிற பக்கம் வளையும் என்று அதில் வருகிறது. இது பழைய பாடம். ட்ராக்மேன் போன்ற ராடார் கருவிகள் வந்தபின், பந்து பெரும்பாலும் முகம் பார்க்கிற திசையில்தான் கிளம்புகிறது என்பது தெளிவாகிவிட்டது. வளைவு வருவது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். கிளப் பந்தைத் தொட்டிருப்பதே ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். ‘அடிபடும்போது கையில் உணர்ந்து திருப்புங்கள்’ என்று பன்னிரண்டாவது வீடியோவில் சொல்கிறாரே, மனிதக் கையால் அது முடியவே முடியாத காரியம்.

40 யார்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கிளப்பின் தலைவேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் டிரைவரில் ஏறக்குறைய இரண்டரை யார்டு கூடும். 40 யார்டு வேண்டுமென்றால் பதினாறு மைல் வேகம் கூட வேண்டும். எனக்கு வயது 47, காலையில் எழுந்தால் முதுகு பிடிக்கிறது. மணிக்கட்டை மடக்கி அந்த வேகத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

ஆனால் ரேஞ்சில் நடந்த பயிற்சியில் எட்டுப் பேருக்கும் ‘முன்னேற்றம்’ காட்டினார்கள். எப்படி என்று நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதைப் பார்த்துத்தான் இரண்டு பேர் அங்கேயே அடுத்த கட்டப் பயிற்சிக்கும் பணம் கட்டினார்கள். வந்து நின்றதும், உடம்பு சூடாகும் முன்பே, ரேஞ்சின் தேய்ந்த பந்துகளில் ஐந்து அடிக்கச் சொல்லி அளந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, நன்றாக வியர்த்தபின், புதுப் பந்துகளில் அடிக்கச் சொல்லி, அதில் அதிக தூரம் போன ஒன்றை மட்டும் எழுதினார்கள். ரகசியமே இல்லாமல் யார் அடித்தாலும் அந்த வித்தியாசம் வரும். நான் அன்று வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த இரண்டு பேரின் பணம் மிஞ்சியிருக்கும், அது இன்னும் மனதை உறுத்துகிறது.

என் அப்பா சின்ன வயதில் தோட்டத்து கோல்ஃப் மன்றத்தில் கேடியாக இருந்தவர். துரைமாரின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தவர். தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்க்கும்போது, “ஆளப் பாக்காத, பந்தப் பாரு” என்பார். பந்து எங்கே கிளம்பியது, எங்கே வளைந்தது, எங்கே விழுந்தது என்று பார்க்காத கேடிக்குக் கூலி கிடைக்காது. 1999-ல் கோலாலம்பூர் பக்கத்திலுள்ள மைன்ஸ் திடலில் கோல்ஃப் உலகக் கோப்பை நடந்து, டைகர் வுட்ஸும் மார்க் ஒமீராவும் ஜெயித்தபோது அப்பா ஒரு வாரம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஆசை வந்தது அவரால்தான். நான் 890 வெள்ளி கொடுத்த மனிதர் பணத்தை வாங்கும் முன்பும் சரி, பின்பும் சரி, என் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஸ்லைஸ்காரனுக்கும் ஹூக்குக்காரனுக்கும் அதே பதினான்கு வீடியோதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது புது நிபந்தனை ஒன்று வந்தது. முப்பது நாளும் தினம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பியிருக்க வேண்டுமாம், நான் இரண்டு நாள் தவறிவிட்டேனாம். விளம்பரத்தில் அந்த நிபந்தனை எங்கும் இல்லை. மூன்றாவது தடவை கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பிறகு வீட்டுக்குப் பக்கத்து ரேஞ்சில் வெகுகாலமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாத்தியாரிடம் நண்பனோடு போனேன். மணிக்கு 120 வெள்ளி. ரகசியம் அது இது என்று எதுவும் பேசவில்லை. “மொதல்ல அடிங்க தம்பி, பாக்குறேன்” என்றார். இருபது பந்து வரை பேசாமல் பின்னால் நின்றார். அப்புறம் என் இடது கையை கிரிப்பின் மேல் வலப்பக்கமாகத் திருப்பி வைத்தார். நான் காசு கொடுத்துக் கற்றதற்கு நேர் எதிர். நண்பனுக்கும் அதையே சொல்லுங்கள் என்றேன். “அவருக்கு ஹூக்கு போவுது. இத சொன்னா அவரு ஆட்டம் கெட்டுரும்” என்றார். ஐந்து மாதமாகப் போகிறேன். ஸ்லைஸ் முழுசாகப் போகவில்லை, பாதியாகக் குறைந்திருக்கிறது. தூரம் ஏழெட்டு யார்டு கூடியிருக்கிறது. நாற்பது இல்லை.

பணத்தையும் நான் விடவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்களே, அங்கே முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் கொடுத்தால் போதும். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். பிளாஸ்டிக் பட்டை வந்த பார்சலின் மேல் அனுப்புநர் முகவரி ஒட்டியிருந்தது, நல்லவேளையாக அந்த உறையை நான் வீசவில்லை.

விசாரணை அடுத்த மாதம். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் இருந்தால், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்க வேண்டாம். விளம்பரத்தையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், எனக்கு வந்த விளம்பரத்தின் வாசகத்தை நான் புகார் கொடுத்த மறுவாரமே மாற்றிவிட்டார்கள்.