ஆக்கோ ஏன் பறக்கவில்லை என்பதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நல்லூர்ப் பக்கம் போயிருந்தபோது பள்ளித் தோழி ஒருத்தி வழியில் மறித்துக் கேட்டாள்: "உன் மகள் ஓயாமல் பார்க்கிற அந்த மந்திரப் பள்ளிக்கூடக் கதையை என் மகளுக்கும் போட்டுக் காட்டலாமா?" அவளுடைய மகள் இம்முறை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டாள். எத்தனை புள்ளியால் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் யாரும் ஏசவில்லையாம். ஆனால் பிள்ளை பின்னேரங்களில் ஒழுங்கைக்கு விளையாட வருவதை நிறுத்திவிட்டதாம். "தாராளமாகப் போடு" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். மூன்று முறை முழுதாகப் பார்த்த தொடரைப் பற்றி எனக்கே ஏன் வாய் அடைத்துக்கொண்டது என்று நாலு நாட்களாக யோசித்தேன்.

"லிட்டில் விட்ச் அகடமியா"வின் கதையை முழுக்கச் சொல்லப்போவதில்லை. யோ யோஷினாரி இயக்கி, 2017இல் 25 அத்தியாயங்களாக வந்த யப்பானிய அசைபடத் தொடர். மந்திரம் தெரியாத குடும்பத்திலிருந்து லூனா நோவா என்ற மந்திரப் பள்ளிக்கு வருகிறாள் அட்சுகோ ககாரி. எல்லோருக்கும் அவள் ஆக்கோ. ஷைனி சாரியட் என்ற மந்திரக்காரியின் மேடை நிகழ்ச்சியைச் சிறுவயதில் பார்த்து, அவளைப் போல ஆகவேண்டும் என்று வந்தவள். வகுப்பில் கடைசி. இதற்குமேல் நான் எழுதுவதில் கதையின் கடைசி முடிச்சும் அவிழும். பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் முதன்முதலில் பார்த்தது 2022இல், இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற அந்த நாட்களில். மின்சாரம் வந்ததும் முதல் வேலை தண்ணீர் இறைப்பது. அடுத்தது கைக்கணினியில் இரண்டு அத்தியாயங்களை இறக்கி வைத்துக்கொள்வது. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. யப்பானிய ஒலி, ஆங்கில வசனவரி. அவளால் அந்த வேகத்துக்கு வாசிக்க முடியாது என்பதால் நான்தான் விறாந்தையில் இருந்துகொண்டு வரிக்கு வரி தமிழில் சொன்னேன். முதல் நாள் பாடப்புத்தகத் தமிழில் "துடைப்பம்" என்று தொடங்கினேன். "துடைப்பம் என்றால் என்ன?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் இருப்பவை ஈர்க்கு விளக்குமாறும் தும்புத்தடியும்தான். நீண்ட பிடி உள்ளது தும்புத்தடி. ஆகவே லூனா நோவா மாணவிகள் எல்லோரும் அன்றிலிருந்து தும்புத்தடியில் பறந்தார்கள்.

ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்திக்காகத்தான் இந்தத் தொடரை இத்தனை வருடம் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

ஆக்கோவால் பறக்க முடியாது. மந்திரப் பள்ளியில் மிகச் சின்னப் பிள்ளைக்கும் வரவேண்டிய வித்தை அது. முதல் அத்தியாயத்திலேயே, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரவே பறந்துதான் போக வேண்டும் என்பது தெரியாமல் பெட்டியோடு நிற்கிறாள். வழியில் சந்திக்கும் லொட்டே, சூசி என்ற இரண்டு மாணவிகளோடு ஒருவழியாகப் போய்ச் சேருகிறாள். பிறகும் அத்தியாயம் அத்தியாயமாக அதே கதைதான். கால்களை அகட்டி நின்று, தடியைக் கெட்டியாகப் பிடித்து, கண்ணை இறுக்கி மூடி, "தியா ஃப்ரேரே" என்ற பறக்கும் மந்திரத்தை முழு மூச்சையும் விட்டுச் சொல்லுவாள். அந்த ஒரு கணத்தை வரைந்தவர்களின் கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும். உடம்பு முழுவதும் மேலே போக ஆயத்தமாகிறது: தோள் எழும்புகிறது, முன்மயிர் நடுங்குகிறது, குதிக்கால் நிலத்தை விட்டுக் கொஞ்சம் கிளம்புகிறது. பிறகு ஒன்றுமில்லை. பாதம் பழையபடி நிலத்தில். பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

என் மகள் விறாந்தையின் சிவப்புச் சீமெந்துப் படியிலிருந்து தும்புத்தடியோடு குதித்துக்கொண்டே இருந்தாள். முழங்கால் இரண்டிலும் காயம் ஆறுவதற்குள் புதுக் காயம். விழுந்தால் அழவில்லை, "ஆக்கோவும் விழுந்தாள்தானே" என்று எழும்பிவிடுவாள். ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல துணையை நான் கதைகளில் கண்டதில்லை.

இந்தத் தொடரின் பிறப்பே அப்படித்தான். இளம் அசைபட ஓவியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்று யப்பானில் இருந்த ஒரு திட்டத்தின் கீழ், 2013இல் டிரிக்கர் நிறுவனம் எடுத்த குறும்படம்தான் மூலம். அடுத்த படத்தை நீட்டி எடுக்க வேண்டுமென்று பொதுமக்களிடம் இணையத்தில் 150,000 டொலர் கேட்டார்கள்; சேர்ந்தது 6 இலட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தில் 55 நிமிடப் படம் வந்தது, அதன் பின்னரே தொடர். கை பழகிக்கொண்டிருந்தவர்கள் வரைந்த படத்திலிருந்து முளைத்த கதையில், கை பழகாத ஒரு பிள்ளை நடுநாயகமாக இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் தனியாகவும் பார்க்கலாம். பள்ளியின் பழைய மரம் ஒன்று வாடி நிற்கிறது. கெட்டிக்காரி டயானா, ஏதோ ஒட்டுண்ணி பிடித்துவிட்டது என்று எண்ணித் தன் மந்திரத்தால் மரத்தைத் தேற்றப் பார்க்கிறாள். அவை ஒட்டுண்ணிகள் அல்ல, வெளிவரக் காத்திருக்கும் அரிய வண்ணத்துப்பூச்சிகள் என்பது ஆக்கோவுக்கு மட்டுமே தெரியும். எப்படித் தெரியும்? எல்லோரும் கேலிசெய்யும் சாரியட்டின் அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்ததால். நான் பதினைந்து வருடமாகப் பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவள். பின்வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு எங்கோ ஓர் இடத்தில் ஒரு பெரிய அறிவு இருக்கும் என்பதும், அது எந்த வினாத்தாளிலும் வராது என்பதும் எனக்குத் தெரியும். சாம்ஹைன் விழா வரும் பதின்மூன்றாம் அத்தியாயமும் அப்படித்தான். ஓயாமல் அழும் ஆவியைச் சாந்தப்படுத்த வேண்டிய இடத்தில், இவள் அதைச் சிரிக்க வைக்கப் போகிறாள். இவை இரண்டுக்காகவும் எத்தனை முறை வேண்டுமானாலும் இருப்பேன். நடுவில் வரும் குரோவா ரீச்சரின் நவீன மந்திரக் கருவிகளும், கடைசியில் வரும் ஏவுகணைத் துரத்தலும் எனக்கு ஒட்டவில்லை. மகளுக்குப் பிடிக்கும்.

இனி என் கோபம்.

கடைசி நாலு அத்தியாயங்களுக்குள் ஒரு காரணம் சொல்கிறார்கள். ஆக்கோ பறக்க முடியாததற்குக் காரணம், அவள் சிறுவயதில் பார்த்து மயங்கிய அதே மேடை நிகழ்ச்சி. சாரியட் அங்கே பாவித்த ஒரு மந்திரம், பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடமிருந்து மந்திர சக்தியை உறிஞ்சிவிட்டதாம். அந்தச் சாரியட்தான், பெயரையும் மயிரின் நிறத்தையும் மாற்றிக்கொண்டு, ஆக்கோவைத் தாயைப் போலப் பார்த்துக்கொள்ளும் ஊர்சுலா ரீச்சர்.

முதல்முறை அந்த வரியைத் தமிழில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இருபது அத்தியாயங்களுக்கு மேல் ஒரு பிள்ளை காரணமே இல்லாமல் பின்தங்கி நின்றாள். அப்படியிருந்தும் நாங்கள் அவளை விரும்பினோம். அதுதானே இந்தக் கதையின் பெருமை? திடீரென்று களவுபோன பொருள் ஒன்றைக் காட்டி, "இது இருந்திருந்தால் அவளும் மற்றவர்களைப் போல் பறந்திருப்பாள்" என்றால், காரணம் இல்லாமல் பின்தங்குகிற பிள்ளைகள் எங்கே போவார்கள்? என்னிடம் ஒரு பையன் வந்தான். எட்டு மாதம் பின்னம் ஏறவில்லை. கல்லைக் கொண்டு, பனங்கொட்டையைக் கொண்டு, தோசையை வெட்டியெல்லாம் காட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை, மற்றப் பிள்ளைகள் போனபிறகு, கொப்பியைப் பார்த்தபடி, "ரீச்சர், கீழே இருக்கிற எண் பெரிதானால் துண்டு சின்னதாகும், அதுதானே?" என்றான். அவ்வளவுதான். அவனிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை. அவனுக்கு எட்டு மாதம் தேவைப்பட்டது.

எங்கள் ஊரிலோ பிள்ளை பின்தங்கினால் உடனே கள்வனைத் தேடத் தொடங்குவோம். சனிமாற்றம் என்போம், நாவூறு என்போம், போன வருடத்து ரீச்சர் என்போம், சாத்திரியிடம் கொண்டுபோவோம். அந்தத் தேடலுக்கு இந்தத் தொடரும் ஒத்து ஊதுகிறதே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டயானாவும் அதே நிகழ்ச்சிக்குப் போனவள்தான். அவளுடைய சக்தியும் போயிற்று. அவள் பாடுபட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் பழகித்தான் முதல் மாணவியானாள். பெரிய குடும்பத்துப் பிள்ளை, பிறவியிலேயே கெட்டிக்காரி என்று எல்லோரும் நினைத்தவளை இப்படித் திருப்பிக் காட்டியது அருமையான வேலை. முடிவிலும் கை கூசாமல் ஒரு நேர்மை காட்டியிருக்கிறார்கள்: உலகத்தையே காப்பாற்றிய பிறகும் ஆக்கோ வானத்தில் வட்டமடிப்பதில்லை. நிலத்திலிருந்து கொஞ்சம் எழும்புகிறாள். அவ்வளவே. அந்த இடம் வரும்போது நான் மூன்று முறையும் அழுதேன்.

மகளுக்கோ என் கோபம் விளங்கவேயில்லை. அந்தக் காரணம் வெளிப்பட்ட இரவு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக, நுளம்பு வலைக்குள் படுத்துக்கொண்டு கேட்டாள்: "அப்படியென்றால் ஆக்கோ மொக்கு இல்லைத்தானே அம்மா?" அவள் குரலில் இருந்த ஆறுதலை என்னால் மறக்க முடியாது. இருபது அத்தியாயமாக அந்தப் பயத்தை அவள் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

பிறகு அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். பழைய வினாத்தாள்களைக் கட்டுக் கட்டாக வாங்கி அடுக்கினேன். கணிதக் கொப்பியின் பின்பக்கங்களில் ஆக்கோவும் சூசியும் தும்புத்தடியுமாக வரைந்து வைத்திருப்பாள். அதற்கென்றே தனியாக ஒரு சித்திரக் கொப்பியும் இருந்தது. "பரீட்சை முடியும்வரைதான்" என்று அதை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அவள் வெட்டுப்புள்ளியைத் தாண்டினாள். உறவினர் வீடுகளுக்குக் கேக்கும் கொடுத்தோம். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்று அவள் ஏழாம் வகுப்பு. அந்தக் கொப்பியில் புதிதாக ஒரு பக்கமும் நிரம்பவில்லை.

சென்ற மாதம் மூன்றாம் முறையாகப் பார்த்தோம். இப்போது வசனவரியை அவளே வாசிக்கிறாள். நான் சும்மா இருந்து பார்த்தேன். ஊர்சுலா ரீச்சர் உண்மையைச் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விடும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ரீச்சருக்குத் தெரியும்தானே, ஏன் முதலே சொல்லவில்லை?" நான் பிளேன்ரீ வைக்க எழுந்து போய்விட்டேன்.

இதை எழுதும்போது என் வாதம் தளர்வது எனக்கே தெரிகிறது. எடுத்தவர் யாரும் இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனாலும் கோபம் போகவில்லை. அந்த எட்டு மாதப் பையனுக்காகவாவது ஆக்கோவைக் காரணம் இல்லாமலே விட்டிருக்கலாம்.

ஆகவே தோழிக்கு என் பதில்: இப்போது போடாதே. நான் பார்த்தவற்றில் பிள்ளைகளுக்கு ஆகச் சிறந்தது இதுதான் என்று இன்னும் சொல்வேன், ஆனால் இந்த மாதம் வேண்டாம். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கிற பிள்ளை, தன்னிடமிருந்து யாரோ எதையோ எடுத்துவிட்டார்கள் என்று இப்போது கேட்டால், அடுத்த பார்வை உன் முகத்தில்தான் விழும். முதலில் அவள் ஒழுங்கைக்கு விளையாட வரட்டும். விடுமுறை தொடங்கியதும் எங்கள் வீட்டுக்கு அனுப்பு. முதல் 13 அத்தியாயங்களையும் என் மகளோடு விறாந்தையில் இருந்து பார்க்கட்டும். தும்புத்தடி இரண்டு இருக்கிறது. படிக்குக் கீழே பழைய பாயை விரித்து வைக்கிறேன். கடைசி நாலு அத்தியாயங்களைப் போடும் இரவுக்கு நீயும் வா.