பழைய எஞ்சினுக்கு அடிட்டிவ்: உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு விற்கலாமே

பழைய கார்பரேட்டர் பைக் வைத்திருக்கும் நண்பர் கேட்டார், பெட்ரோலிலும் ஆயிலிலும் ஊற்றுகிற அடிட்டிவ் எல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று. என் பழைய பெட்ரோல் காரில் சில வருடங்களாக இரண்டையும் ஊற்றி வருகிறேன். சமீபத்தில் கேஸ்கட் மாற்ற ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) கழற்றியதால் உள்ளே பார்க்கவும் முடிந்தது.

பெட்ரோல் கிளீனர், அதிலும் பாலிஈதர் அமீன் என்கிற கரி நீக்கும் வேதிப்பொருள் கலந்தது, வேலை செய்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் திணறிய வண்டி மெல்ல மெல்லச் சீரானது. ஹெட்டைக் கழற்றியபோது காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளின் பின்பக்கம் இருந்த சுத்தம் எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த வயது எஞ்சினில் கெட்டிக் கரியைத்தான் எதிர்பார்த்தேன். என் வண்டியில் இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைப் பீய்ச்சுகிறது, கிளீனர் கலந்த பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் அதே கிளீனர் இன்டேக் வால்வில் படவே படாது. நான் வாங்கிய டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. "எல்லா பெட்ரோல் எஞ்சினுக்கும்" என்று மட்டும் போட்டிருக்கிறது.

ஆயில் அடிட்டிவ் விஷயத்தில் இந்த மறைப்பு இன்னும் மோசம். ஆயிலில் தேய்மானத்தைத் தடுப்பது இசட்டிடிபி என்கிற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ், வண்டிப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்கிற அமெரிக்க ஆயில் தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வால்வைத் திறக்கும் கேம், அதற்குக் கீழுள்ள டேப்பெட் மேல் நேரடியாக உரசி ஓடும் பழைய எஞ்சினுக்கு இது உண்மையான குறைதான், அதற்கு இசட்டிடிபி கூடுதலாக உள்ள ஆயில் நல்லது. ஆனால் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதையே கூட்டி ஊற்றினால் கன்வெர்ட்டருக்குக் கேடு. என் டப்பாவில் இசட்டிடிபி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று தேடித் தேடிப் பார்த்தேன். "மேம்பட்ட பாதுகாப்புக் கலவை" என்று எழுதியிருக்கிறார்கள். என் எஞ்சினுக்குள் ஊற்றப்போவது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

வால்வு சீல் வழியாக ஆயில் கசிந்து எரிவதால் வரும் நீலப் புகையை நிறுத்தும் என்று விற்கிற சீல் கண்டிஷனர் கதையும் அப்படித்தான். இறுகிய சீல் ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும், அது உண்மை. கொஞ்ச நாள் புகை குறைந்தது, அப்புறம் திரும்பி வந்தது. ஹெட்டைக் கழற்றியபோது பார்த்தால் வால்வு சீல்கள் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தன. புதுசு போட்ட பிறகுதான் புகை நின்றது.

நண்பரின் பைக்குக்கு வருவோம். அதில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. உராய்வைக் குறைக்கும் அடிட்டிவை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். இப்படி நனைந்த கிளட்சுக்கென்றே உள்ள ஜாசோ எம்ஏ என்கிற ஜப்பானியத் தர ஆயிலைப் போட்டு, நேரத்துக்கு மாற்றினாலே போதும், மேலே எதையும் ஊற்றவேண்டாம். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், புது பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தலாம், இல்லையென்றால் கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடலாம். ஏற்கெனவே கெட்டுப்போன பெட்ரோலை ஸ்டெபிலைசர் மீட்காது.

சரி, வாங்கலாமா? கிளீனரை இவ்வளவு பாராட்டிவிட்டும் சொல்கிறேன், வாங்கவேண்டாம். உள்ளே என்ன, எவ்வளவு என்று டப்பாவிலேயே அச்சடிக்கிறவரை நானும் எதையும் வாங்கப்போவதில்லை. அந்தப் பணத்தில் முதலில் பெட்ரோல் ஹோஸை மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, வெடித்த ஹோஸைச் சரிசெய்ய எந்த டப்பாவாலும் முடியாது.