தற்காலிகக் கோப்புகளோடு குப்பை கொட்டிய அனுபவம்

ஒத்தக்கடைப் பக்கம் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் திறக்கப்பட்ட பிறகு இந்த வட்டாரத்தில் முளைத்த கடைகளில் இதுவும் ஒன்று. மனு, வக்காலத்து, பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று நாள் முழுக்க ஒரு மேசையில் வேர்டு, இன்னொன்றில் லிப்ரே ஆபிஸ் என்று ஆவணம் அடிக்கும் மென்பொருள்கள் திறந்தே கிடக்கும். இரண்டும் நம்மைக் கேட்காமல் உருவாக்கும் தற்காலிகக் கோப்புகளோடு ஆண்டுக்கணக்கில் பழகியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரையும் குழப்புகிற பூட்டுக்கோப்பு. ஆவணத்தைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் ஒரு சிறு கோப்பை வேர்டு மறைவாக வைக்கும். பெயர் நீளமாக இருந்தால் முதல் இரண்டு எழுத்துக்குறிகளை விழுங்கிவிடும். கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'பா' என்பது பகரமும் காலும் சேர்ந்த இரண்டு குறிகள் என்பதால், 'பாகப்பிரிவினை' அங்கே '~$கப்பிரிவினை' ஆகிவிடும். அதற்குள் ஆவணம் எதுவும் இல்லை. திறந்தவர் யார் என்ற விவரம்தான். லிப்ரே ஆபிஸ் வைக்கும் பூட்டுக்கோப்பில் கணினியின் பெயரும் நேரமும்கூட இருக்கும். மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் இது அழியாமல் தங்கும். பிறகு அந்த ஆவணத்தைத் திறந்தால், வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று நம் பெயரையே நம்மிடம் காட்டும்! வேர்டை முழுதாக மூடி, டாஸ்க் மேனேஜரிலும் அது ஓடவில்லை என்று பார்த்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் அழித்தால் போதும்.

பென் டிரைவிலேயே திறந்து வேலை செய்ய நான் யாரையும் விடுவதில்லை. சேமிக்கும்போது வேர்டு பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி முடித்து, பழையதை விலக்கி, புதியதற்கு அதன் பெயரைச் சூட்டுகிறது. அந்த நேரத்தில் குமாஸ்தா அண்ணன் அவசரமாக டிரைவை உருவினால், ~WRD என்று தொடங்கும் அநாதைக் கோப்புதான் மிஞ்சும். சில சமயம் அதற்குள் முழு ஆவணமும் இருக்கும். அதனால் அழிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வேர்டில் திறந்து பார்ப்பது நல்லது.

உண்மையில் கைகொடுப்பது, அடித்ததை அவ்வப்போது தானாகவே ஒரு மீட்புக்கோப்பில் எழுதி வைக்கும் தானியங்கி மீட்புதான். வேர்டில் இது 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வரும். பராமரிப்பு மின்தடை முன்னறிவிப்போடு வரும், சித்திரை வெயிலில் வருகிற தடை சொல்லிக்கொண்டு வராது. யுபிஎஸ் பேட்டரியும் கிழடு. ஆகவே 2 நிமிடமாகக் குறைத்திருக்கிறேன். வேகத்தில் வித்தியாசமே தெரியவில்லை. "தம்பி, அடித்ததெல்லாம் போய்விட்டதா?" என்று பதறுகிறவர்களுக்கு, கடைசிப் பத்தி மட்டும்தான் போனது என்று சொல்ல முடிகிறது. ஆனால் ஆவணத்தை முறையாக மூடினால் இந்த மீட்புக்கோப்பு அழிந்துவிடும். இதை நம்பி சேமிக்காமல் இருக்கிறவர்களுக்கு என்னிடம் இரக்கம் கிடையாது.

இனி மறுபக்கம். எங்கள் தொழிலில் ஒருவருடைய உயிலை அடித்துக் கொடுத்து, அவர் கண் முன்னே கோப்பை அழித்தாலும் அதன் துண்டுகள் தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் ஃபோல்டரிலும், அதன் நகல் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கிய டவுன்லோட்ஸிலும் கிடக்கலாம். சேமிக்காமல் மூடியவற்றை வேர்டு தனி ஃபோல்டரில் சில நாள் வைத்திருக்கும். காப்புநகல் வசதியை இயக்கியிருந்தால் முந்தைய வடிவமும் பக்கத்திலேயே இருக்கும். அடுத்த ஊர்க்காரரின் சொத்துத் தகராறு நம் கணினியில் கிடப்பது இடப் பிரச்சினை அல்ல, நாணயப் பிரச்சினை. கடை அடைக்கும் முன் எல்லாவற்றையும் மூடிவிட்டு, இந்த நான்கு இடங்களையும் கையால் பார்த்து அழிக்கிறோம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறோம்.

ஒரே சொடுக்கில் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தொடுவதில்லை. எது மீட்புக்கோப்பு, எது எச்சம் என்று அவற்றுக்குத் தெரியும் என்று நான் நம்பவில்லை. விண்டோஸின் டிஸ்க் கிளீனப் பரவாயில்லை, ஒரு வாரத்துக்கு மேல் தொடாத தற்காலிகக் கோப்புகளைத்தான் எடுக்கும். அதனால் கணினி வேகமாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வேர்டின் எச்சங்கள் மொத்தமாகச் சேர்ந்தாலும் ஒரு கல்யாண வீடியோ பிடிக்கும் இடத்தைப் பிடிக்காது.